சங்கைக் கழட்டாதீங்க

எங்கள் அலுவலகத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டாத சுவர் இப்போது கிடையாது. 'செய்ய வேண்டியது', 'நடப்பில்', 'முடிந்தது' என்று மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொரு வேலையையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுகிறோம். ஒரு நாள் யாரோ ஒரு குறும்பன் 'நடப்பில்' என்ற சீட்டைக் கழிப்பறைக் கதவில் ஒட்டிவிட்டான். அந்த வருடம் முழுக்க அந்தச் சீட்டுகளில் நான் படித்த ஒரே உண்மைத் தகவல் அதுதான்.

சேலத்தில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் கம்பெனி. நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணைகளுக்கு மென்பொருள் செய்கிறோம். தீவன இருப்பு, முட்டைக் கணக்கு என்று ஆரம்பித்து, புதிதாக ஒரு பெட்டியும் செய்தோம். மூடிய ஷெட்டில் மின்விசிறி நின்றுபோனால் அந்தப் பெட்டி உடனே பண்ணைக்காரர்களின் செல்பேசிக்குத் தகவல் அனுப்பும். நான் அங்கே டெஸ்டிங் பிரிவுக்குத் தலைவியாக இருந்தேன். இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், இப்போது அந்தப் பிரிவே இல்லை.

பழைய முறை ஒன்றும் கும்பிடுகிற கோயில் இல்லை. புரோகிராம் எழுதுகிறவர்கள் மாதக்கணக்கில் எழுதி, கடைசி வாரத்தில் எங்கள் தலையில் கொண்டுவந்து கொட்டுவார்கள். நாங்கள் பிழை கண்டுபிடித்தால், "என் மெஷின்ல நல்லாத்தான் ஓடுதுங்க்கா" என்பார்கள். உன் மெஷினையா பண்ணைக்காரருக்குக் கொடுத்து அனுப்பப் போகிறோம் என்று நான் கேட்பேன். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். எங்கள் லட்சணமும் அவ்வளவுதான். ஏசி அறையில் உட்கார்ந்து, எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்தபடி சரிபார்த்து, 'சரி' என்று பச்சை அடித்துவிட்டு வீட்டுக்குப் போவோம். கோழியைக் குழம்பில் தவிர வேறெங்கும் பார்க்காதவர்கள்தான் எங்களில் முக்கால்வாசிப் பேர்.

ஆகவே முதலாளி ஒரு நாள் பெங்களூரிலிருந்து ஒரு பயிற்சியாளரைக் கூட்டிக்கொண்டு வந்தபோது எனக்குக் கொஞ்சம் நம்பிக்கைகூட வந்தது. முதலாளி போர்வெல் ரிக் வண்டி ஓட்டிய குடும்பம். வண்டிகளை விற்றுவிட்டு மென்பொருளுக்கு வந்தவர். பூமிக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று தேங்காயை உள்ளங்கையில் நிறுத்திப் பார்க்கும் வழக்கம் அவருக்கு. பயிற்சியாளரையும் அப்படித்தான் தேர்ந்தெடுத்திருப்பார் என்பது என் எண்ணம்.

பயிற்சியாளர் திருத்தமாகத் தாடி வைத்த இளைஞர். மதுரைக்காரர், ஆனால் தமிழ் பேசினால் சம்பளம் குறைந்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். முதல் நாளே எங்களை வட்டமாக நிற்கவைத்து அறிவித்தார்: இனி டெஸ்டிங் பிரிவு கிடையாது, அஜைல் என்ற இந்தப் புது வேலை முறையில் தரம் என்பது எல்லாருடைய பொறுப்பு. நான் உள்ளே சிரித்துக்கொண்டேன். கல்யாண வீட்டில் எல்லாரும்தான் பந்தி விசாரிக்கிறார்கள். சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்று பார்க்கிறவர் ஒருவரும் இல்லை. என் பிரிவுப் பெண்கள் இருவர் அந்த மாதமே வேறு வேலை பார்த்துக்கொண்டு போனார்கள். எனக்குத் 'தரத் தோழி' என்று ஒரு பட்டம் கொடுத்து, ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலியும் கொடுத்தார்கள். அந்த நாற்காலிதான் எனக்குப் பிடித்திருந்தது.

தினமும் காலையில் நின்றுகொண்டே கூட்டம். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், தடை ஏதாவது உண்டா என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். முதலாளியும் வட்டத்தில் நிற்பார். எங்கள் டீமில் பாதிப் பேர் அவருக்குப் பங்காளி மகன், மச்சான் மகன், இல்லாவிட்டால் அதே ஊர்க்காரன். சித்தப்பா முறை ஆகிற மனிதர் எதிரில் கைகட்டி நிற்கும்போது, எனக்கு வேலை முடியவில்லை, தடை இருக்கிறது என்று சொல்ல எங்கள் ஊரில் எந்தப் பையனுக்கு வாய் வரும்? "தடை ஏதாச்சும்?" என்று கேட்டால் வட்டம் முழுக்க, "ஒண்ணுமில்லீங்க", "ஒண்ணுமில்லீங்க" என்றே சுற்றி வரும். தடையே இல்லாத டீமை என் அனுபவத்தில் பார்த்ததில்லை என்று பயிற்சியாளர் புளகாங்கிதம் அடைந்தார். நானும் பார்த்ததில்லை.

அடுத்து ஸ்பிரின்ட். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, செய்தவரைக்கும் வெளியிட வேண்டும் என்பது விதி. முதலாளி சுவரில் இருந்த தினசரி காலண்டரைக் கழற்றி மேசைமேல் வைத்து, தாள் தாளாகப் புரட்டினார். இந்தத் தேதி அஷ்டமி, அந்தத் தேதி கரிநாள், அடுத்த வாரம் முழுக்கத் தேய்பிறை. "தேய்பிறைல புதுசா எதையும் ஏத்தக் கூடாதுங்க. வளர்பிறைல நல்ல நாளாப் பாத்துப் போட்டுக்கலாம்" என்றார். பயிற்சியாளருக்கு அவர் சொன்னதில் பாதி புரியவில்லை. புரிந்ததற்குத் தலையாட்டினார், புரியாததற்கு இன்னும் வேகமாகத் தலையாட்டினார். உள்ளூர்ப் பண்பாட்டை மதிப்பதும் அஜைல்தான் என்று ஒரு சீட்டும் எழுதி ஒட்டினார். இப்படியாக எங்கள் ஸ்பிரின்ட் பஞ்சாங்கப்படி நடந்தது. சில சமயம் ஒரு வாரம், சில சமயம் ஒரு மாதம்.

புதுப் பெட்டிக்கு முதல் வாடிக்கையாளர் எருமப்பட்டிப் பக்கத்தில் ஓர் அம்மா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மகன் வெளிநாட்டில். பண்ணையைத் தனியாக நடத்துகிறவர். பழைய திறந்த ஷெட்டுகளை எல்லாம் இடித்துவிட்டு, இருக்கிற கோழி அத்தனையையும் ஒரே மூடிய ஷெட்டுக்கு மாற்றியிருந்தார். மூடிய ஷெட்டில் காற்று, குளிர்ச்சி எல்லாமே மின்விசிறியால்தான். கரண்ட் போய், ஜெனரேட்டரும் தானாக ஓடாவிட்டால், கோழிகளின் உடம்புச் சூடே போதும். வெயில் காலத்தில் அரை மணி நேரத்தில் ஷெட்டு முழுக்கப் பிணமாகிவிடும். அந்த அம்மாவுக்கு இருந்த எல்லாமும் அந்த ஒரு கூரைக்குக் கீழேதான் இருந்தது.

அதனால் ஷெட்டில் ஒரு சைரன் வைத்திருந்தார். ஆலைச் சங்கு மாதிரி ஊரே கேட்கிற சத்தம் என்பதால் அதைச் சங்கு என்றுதான் அங்கே சொல்வார்கள். கரண்ட் லேசாகக் கண் சிமிட்டினாலும் அது அலறும். கோழிகள் மிரளுகின்றன என்று அந்த அம்மாவுக்கே அதன்மேல் சலிப்பு உண்டு.

பயனாளியைப் போய்ப் பாருங்கள், அவர் எப்படி வேலை செய்கிறார் என்று கண்ணால் பாருங்கள் என்பது பயிற்சியாளர் சொன்னதிலேயே உருப்படியான ஒன்று. அதைச் செய்தவிதத்தைக் கேளுங்கள். ஒரு வேன் பிடித்து எல்லாரும் கிளம்பினோம். போகிற வழியில் ராசிபுரத்துக்கு அருகில் முதலாளிக்குத் தெரிந்தவரின் பண்ணையில் இறங்கிப் பார்த்துவிட்டு, அங்கேயே சாப்பிட்டுவிட்டு, எருமப்பட்டி போய்ச் சேர்ந்தோம். வழியில் பண்ணை பார்த்த கதையை முதலாளி சொன்னதும், அந்த அம்மா கேட்டுக்கு வெளியிலேயே எங்களை நிறுத்திவிட்டார்.

"வேற பண்ணைக்குப் போயிட்டா வாரீங்க? அப்ப உள்ள வேண்டாஞ் சாமி. சீக்கு வந்துரும். தப்பா நெனைக்காதீங்க" என்றார்.

கோழிப் பண்ணைக்கு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு, ஒரு பண்ணையை மிதித்த காலோடு இன்னொரு பண்ணைக்குள் போகக் கூடாது என்பது தெரியவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று இளநீர் குடித்தோம். பயிற்சியாளர் பின்னணியில் ஷெட்டுக் கூரை தெரிகிறமாதிரி எங்கள் எல்லாரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார். மறுநாள் 'பயனாளி சந்திப்பு' என்ற சீட்டு 'முடிந்தது' கட்டத்துக்கு நகர்ந்தது. கையும் தட்டினார்கள்.

பெட்டியைச் சோதித்ததும் இதே அழகில்தான். அலுவலக மேசைமேல் பெட்டி, பக்கத்திலேயே செல்பேசி. முதலாளியின் மச்சான் மகன் பிளக்கைப் பிடுங்கினான். செல்பேசி உடனே அலறியது. மறுபடியும் கைதட்டல். உப்பு பார்க்கும் வேலையை எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்திருந்ததால், பண்ணையில் போய் ஒரு தடவை பார்க்கலாம் என்று நான் சொன்னபோது, "நீங்க இன்னும் பழைய மைண்ட்செட்லயே இருக்கீங்க" என்று பயிற்சியாளர் கனிவோடு சொன்னார். அந்தக் கனிவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பங்குனி வளர்பிறையில் ஒரு முகூர்த்த நாளில், தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, பெட்டியைப் பண்ணையில் மாட்டினார்கள். எங்கள் ஆள் போய் மாட்டும்போது சுவிட்ச் போர்டில் இடம் போதவில்லை என்று சங்கின் வயரைப் பிடுங்கிவிட்டு வந்துவிட்டான். இனி செல்பேசியே சொல்லிவிடும், சங்கு எல்லாம் பழங்காலம் என்று பயிற்சியாளர் வீடியோ அழைப்பில் அந்த அம்மாவுக்கு விளக்கினார். கோழி மிரளாது என்று அவரும் சந்தோஷப்பட்டார்.

எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குளித்து, துவைத்த உடுப்புப் போட்டு, வேறு எந்தப் பண்ணைப் பக்கமும் போகாமல் நேராக பஸ் ஏறினேன். ராசிபுரம் வழியாக நாமக்கல், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் எருமப்பட்டி. அந்த அம்மா திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். போனில் கேட்டதும், "தாராளமாப் பாருங்க சாமி" என்று அனுமதி கொடுத்தார்.

கேட்டில் இருந்த பெண் என்னை மறுபடி குளிக்கச் சொன்னாள். பண்ணை அங்கியும் ரப்பர் பூட்ஸும் கொடுத்தாள். மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டு உள்ளே போகத் திரும்பியபோது கையை நீட்டினாள்.

"செல்லக் குடுங்க்கா. பொட்டியில வெச்சிட்டுத்தான் போவோணும்."

"செல்லையுமா?"

"அது கடை, சந்தை, பஸ்ஸுன்னு எங்கெல்லாம் சுத்திட்டு வருது. உள்ள உடமாட்டாங்க."

ஒரு தகரப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே நாலைந்து செல்பேசிகள் கிடந்தன. மேலாக இருந்த ஒன்றின் திரையில் எங்கள் கம்பெனியின் கோழிச் சின்னம்.

"இது யாருதுங்க?"

"சூப்பர்வைசரோடது."

மாதக்கணக்கில் நின்றபடியே கூட்டம் போட்டோம். சுவர் மறைகிறவரை சீட்டு ஒட்டினோம். வேன் பிடித்து வந்து இதே கேட்டில் இளநீர் குடித்தோம். எங்கள் அபாய அறிவிப்பு வந்து சேருகிற இடம் ஒரு தகரப் பெட்டி.

உள்ளே போய் சூப்பர்வைசரிடம் பேசினேன். நாற்பது வயது மனிதர். விசிறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"கரண்ட் போனா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முன்னெல்லாம் சங்கு கத்துமுங்க. ஓடிப்போய் ஜெனரேட்டரப் போட்டுருவேன். இப்ப செல்லுக்கு வருமுன்னாங்களே."

"செல்லுதான் கேட்டுல இருக்குதே?"

"அம்மாவுக்கும் வருமுங்களே. அவங்க பாத்துச் சொல்லிருவாங்க."

"எதுல சொல்லுவாங்க?"

"செல்லுலதானுங்க" என்றவர் கேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். விசிறி நின்றால் சத்தம் நின்றது தெரியாதா என்று கேட்டேன். ஷெட்டுக்குள் இருந்தால் தெரியும், தீவன அரவையில் இருந்தால் அந்த மிஷின் சத்தத்தில் ஒன்றும் தெரியாது, அதன் என்ஜின் டீசலில் தனியாக ஓடுகிறது என்றார். பகலில் பாதி நேரம் அவர் அரவையில்தான் இருக்கிறார்.

திரும்பும் பஸ்ஸிலிருந்தே அந்த அம்மாவை அழைத்தேன். கல்யாண மேளத்தில் அவருக்கு என் பேச்சு ஒன்றும் விளங்கவில்லை. நாளைக்குப் பேசுகிறேன் சாமி என்று வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை வட்டத்தில் என் முறை வந்ததும் தடை இருக்கிறது என்றேன். அந்தச் சொல்லை அங்கே அதுவரை யாரும் சொன்னதில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கண்டதைச் சொன்னேன். சங்கை இன்றைக்கே திரும்ப மாட்ட வேண்டும் என்றேன். பயிற்சியாளர் முகம் மலர்ந்தது.

"அருமையான ஃபீட்பேக்! இதைத்தான் நான் எதிர்பார்த்தேன்" என்று ஒரு சீட்டு எழுதினார். 'சங்கு' என்று எழுதி, 'செய்ய வேண்டியது' கட்டத்தில் அடியில், மேசை மறைக்கிற இடத்தில் ஒட்டினார். நடப்பு ஸ்பிரின்ட்டின் வேலைப் பட்டியலைப் பூட்டியாகிவிட்டது, அடுத்ததில் எடுத்துக்கொள்ளலாம் என்றார். முதலாளி காலண்டரைப் பார்த்தார். அடுத்த வாரம் தேய்பிறை. பிறகு சித்திரையில் ஒரு நாள் சரியில்லை. நல்ல நாள் என்று அவர் விரல் வைத்த தேதி கத்திரி வெயில் முடிந்த பிறகு இருந்தது.

"அதுக்குள்ள கோழி செத்துப்போச்சுன்னாங்க?" என்றேன்.

"நல்ல வார்த்தை பேசுங்க அம்மணி" என்றார் முதலாளி. "அவங்க நமக்கு மொத பார்ட்டி. பொட்டியில கோளாறுன்னு நாமளே சொன்னா நாலு பேரு வாங்குவானா? இத அவங்க காதுல போட வேண்டாம். நானே பக்குவமாச் சொல்லிக்கறேன்."

வட்டத்தில் இருந்த பையன்களைப் பார்த்தேன். அவர்களில் மூன்று பேர் வீட்டில் கோழிப் பண்ணை இருக்கிறது. செல்பேசி உள்ளே போகாது என்று அவர்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். நான் சொன்னபோது ஒருவன் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. ஒருவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பிறகு தனியாகப் பிடித்துக் கேட்டேன். "தெரியுமுங்க்கா. சித்தப்பா ஆசையா ஆரம்பிச்சிருக்காரு, நாம போய் எப்படிங்க குறை சொல்றது" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அறைந்திருப்பேன். மரியாதை என்று இவர்கள் சொல்வது வெறும் கோழைத்தனம். அதற்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள ஒரு 'ங்க' கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

மாடிப்படியில் இறங்கி, துணிக்கடை வாசலில் நின்று அந்த அம்மாவை அழைத்தேன். இந்த முறை மேளம் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"செல்லப் பொட்டியில போடறது எங்களுக்குப் பழக்கமாப் போச்சு. அது தோணவே இல்ல பாருங்க" என்றார். "எங்க எலக்ட்ரீசியன வெச்சு சங்க மாட்டிக்கலாமா கண்ணு?"

"மாட்டுங்க. எங்க பொட்டியோட சேக்க வேண்டாம். தனி வயரு, தனி பேட்டரி போட்டுக் குடுக்கச் சொல்லுங்க. இன்னைக்கே."

"உங்க மொதலாளி கோவிச்சுக்குவாரே?"

"கோவிச்சுக்கட்டுமுங்க."

கத்திரி வெயில் பாதி கடந்த ஒரு மத்தியானம் எருமப்பட்டியில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் தானாக ஓடவில்லை. சூப்பர்வைசர் அரவையில் இருந்தார். அந்த அம்மா திரும்ப மாட்டியிருந்த சங்கு அலறியது. அரவையைத் தாண்டி, பக்கத்துத் தோட்டம்வரை கேட்டதாம். அவர் ஓடிப்போய் ஜெனரேட்டரைக் கையால் கிளப்பினார். கோழிகள் வாயைப் பிளந்து இறக்கையை விரித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தனவாம். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டன. ஷெட்டு பிழைத்தது. அந்த அம்மா என்னை அழைத்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இதோடு முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். எங்கள் கணினியில் அந்த மத்தியானத்துத் தகவல் பதிவாகியிருந்தது: அறிவிப்பு அனுப்பப்பட்டது, சேர்ந்தது. சேர்ந்தது உண்மைதான், தகரப் பெட்டியில் சேர்ந்தது. பயிற்சியாளருக்கு அது போதும். அஜைலுக்கு மாறிய முதல் கோடையிலேயே ஒரு ஷெட்டைக் காப்பாற்றினோம் என்று இணையத்தில் படம் போட்டுவிட்டார். கேக் வெட்டினார்கள். அதோடு விடாமல், அந்த அம்மாவை ஸ்பீக்கரில் அழைத்து, எல்லார் முன்னாலும் பேசவைத்துப் பதிவு செய்தார்கள்.

"எங்க அலர்ட் உங்களுக்கு எப்படி உதவுச்சு மேடம்?" என்று பயிற்சியாளர் தமிழிலேயே கேட்டார். காரியம் என்றால் தமிழ் வரும்போலிருக்கிறது.

"செல்லா? என்னுதும் சூப்பர்வைசருதும் பொட்டியில கெடந்துச்சுங்க. சங்குதான் கத்துச்சு. அங்க ஒரு புள்ள இருக்குதே, அதுதான் மாட்டச் சொல்லுச்சு. உங்களாலதான் எங்கோழி பொழைச்சுதுன்னு அந்தப் புள்ளகிட்டச் சொன்னேன்."

முதலாளி சட்டென்று, "லைன் சரியில்லீங்க, அப்பறம் கூப்பிடறேன்" என்று துண்டித்தார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. கேக்கை மட்டும் ஒரு தட்டில் வைத்து என் மேசையில் வைத்திருந்தார்கள். நான் தொடவில்லை.

ஒரு வாரத்தில் வீடியோ வந்தது. பின்னணியில் புல்லாங்குழல். கேட்டுக்கு வெளியே எடுத்த அதே படம், கையில் இளநீரோடு நாங்கள். அதற்கு மேல் அந்த அம்மாவின் குரல்: "உங்களாலதான் எங்கோழி பொழைச்சுது." முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பண்ணைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் அது சுற்றியது. பெட்டிக்கு ஆர்டர் வரத் தொடங்கியது. பயிற்சியாளர் அந்த வீடியோவைக் காட்டிக் கோயம்புத்தூரில் இன்னொரு கம்பெனியைத் திருத்தப் போய்விட்டார். மேசைக்குப் பின்னால் உதிர்ந்து கிடந்த 'சங்கு' சீட்டை ஒரு நாள் பெருக்குகிற அம்மா குப்பையோடு கூட்டித் தள்ளினார்.

வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். விட்டால் அந்த நாற்காலியில் உட்காருவதற்கு யாரும் வரமாட்டார்கள், ஏனென்றால் அப்படி ஒரு வேலையே இல்லை. அதனால் இருக்கிறேன். எந்தப் பண்ணைக்குப் பெட்டி போகிறது என்று சுவரைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். மாட்டுவதற்கு முந்தின நாள் படியிறங்கிப் போய் அழைக்கிறேன்.

போன வாரம் சங்ககிரிப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவரை அழைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"உங்க வீடியோவப் பாத்தனுங்க. ஊட்டுல எல்லாரும் பாத்தோம். நாளைக்கு உங்க ஆளு வாரானாம், சங்க இன்னைக்கே கழட்டி வெச்சிறட்டுங்களா?"

"கழட்டாதீங்க" என்றேன். "என்ன ஆனாலும் கழட்டாதீங்க. எங்க ஆளு சொன்னாலும் கழட்டாதீங்க. மொதல்ல உங்க சூப்பர்வைசர் செல்ல எங்க வெக்கறாருன்னு போய்ப் பாருங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சந்தேகத்தோடு கேட்டார்: "ஏனுங்க, நீங்க அந்தக் கம்பெனிலதான இருக்கறீங்க? என்ன வேலைங்க பாக்கறீங்க அங்க?"

"இதேதானுங்க" என்றேன்.